ஒரு வாளி பெட்ரோல்!

கவிழ்ந்த லாரியை நோக்கி ஓடலாமா?

2017-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பொழுது விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. பாகிஸ்தானில் பகவல்பூர் மாவட்டத்து நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரி வந்து கொண்டிருந்தது. கராச்சி துறைமுகத்தில் இருந்து புறப்பட்ட லாரி அது. அதன் வயிற்றில் சுமார் 40 ஆயிரம் லிட்டர் பெட்ரோல்!

அகமதுபூர் என்ற ஊருக்கு அருகே லாரி நிலை தடுமாறியது. சாலை ஓரத்தில் சாய்ந்து விழுந்தது. தொட்டியில் இருந்து பெட்ரோல் கொட்டியது. பள்ளம் கண்ட இடமெல்லாம் ஓடித் தேங்கியது.

செய்தி பக்கத்து ஊருக்குப் பரவியது. ஊர் ஒலிபெருக்கியிலும் அறிவிக்கப்பட்டது என்று அதிகாரி ஒருவர் பிறகு சொன்னார்.

ஜனங்கள் ஓடி வந்தார்கள். ஆண்கள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளும் வந்தார்கள். கையில் வாளி, கேன், பாட்டில்! தூரத்தில் இருந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். போலீசார் விரட்டிப் பார்த்தார்கள். கூட்டம் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று.

பிறகு, 'குப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பள்ளமே தீயாகி விட்டது. ஓட வழி இல்லை. ஓடியவர்களின் துணியிலும் பெட்ரோல். வாளியிலும் பெட்ரோல். காலுக்குக் கீழேயும் பெட்ரோல்.

200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். பல உடல்களை யாருடையது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியவில்லை. மரபணு சோதனை நடத்தித்தான் அடையாளம் காண வேண்டி இருந்தது. மறுநாள் ரம்ஜான் பண்டிகை. பண்டிகை கொண்டாட இருந்த வீடுகளில் அழுகுரல் கேட்டது.

எல்லாம் எதற்காக? ஒரு வாளி பெட்ரோலுக்காக!

ஒரு நாட்டில் மட்டும் அல்ல

இது ஏதோ ஒரு தேசத்தில் ஒருமுறை நடந்த விபரீதம் என்று ஒதுக்கி விட முடியாது.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந்தேதி ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாட்டில், மொரொகொரோ என்ற நகரத்தில் இதே கதை நடந்தது. கவிழ்ந்த லாரி, ஓடி வந்த கூட்டம், தீ! சுமார் 100 பேர் பலியானார்கள்.

2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் சியரா லியோன் நாட்டின் தலைநகரான பிரீடவுனில் ஒரு பெட்ரோல் லாரியும் இன்னொரு லாரியும் மோதின. பெட்ரோல் பிடிக்கக் கூட்டம் கூடியது. 100-க்கும் அதிகமானவர்கள் கருகினார்கள்.

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நைஜீரியாவில் மஜியா என்ற ஊரில் 150-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மூன்று மாதம்தான் ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதே நாட்டில் வேறு ஒரு இடத்தில் மறுபடியும் ஒரு லாரி கவிழ்ந்தது. மறுபடியும் கூட்டம். மறுபடியும் தீ!

ஊர் வேறு. மொழி வேறு. சாவு மட்டும் ஒரே மாதிரி!

பேராசையா, அறியாமையா?

இப்படி ஒரு செய்தி வந்ததும் எல்லோரும் சுலபமாக ஒரு தீர்ப்பு சொல்லி விடுகிறார்கள். "பேராசை பெருநஷ்டம்" என்கிறார்கள். அதோடு பேச்சு முடிந்து விடுகிறது.

அது சரியான தீர்ப்பா? பாதிதான் சரி.

வாளியோடு ஓடியவர்கள் பணக்காரர்கள் அல்ல. அவர்கள் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு வாளி பெட்ரோல் என்பது அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் கூலி. மண்ணில் கொட்டி வீணாகப் போவதை அள்ளினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார்கள். அதை ஆசை என்று சொல்லலாம். ஆனால் உயிர் போகும் என்று தெரிந்திருந்தால் ஒரு தாய் தன் பிள்ளையையும் கையில் பிடித்துக் கொண்டு அங்கே போயிருப்பாளா?

அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் உண்மை.

நடந்த பிறகு இறந்தவர்களைத் திட்டுவது சுலபம். நடப்பதற்கு முன்பு ஊருக்குச் சொல்லித் தருவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையை யாரும் செய்யாத வரையில், "பேராசை" என்று சொல்லிக் கை கழுவுவது நியாயம் அல்ல.

சரி, அந்தத் தாய்க்குத் தெரியாமல் போனது என்ன?

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவது இல்லை. அதில் இருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவி வருவது எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலைக் கொதிக்க வைக்க வேண்டியது இல்லை. சும்மா கொட்டினாலே போதும். ஆவி கிளம்பி விடும். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் பனிக்கட்டி ஆகிறது. அதற்கும் 40 டிகிரி கீழே உள்ள கடுங்குளிரில்கூட, தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோலில் இருந்து ஆவி வரும். நம் நாட்டு வெயிலில் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே போகாது. பாம்பு போலத் தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். பள்ளத்தில் இறங்கும். சாக்கடைக்குள் நுழையும். காற்று அடிக்கும் பக்கம் வெகு தூரம் போகும்.

போன இடத்தில் ஒரு பீடி எரிந்து கொண்டு இருக்கலாம். டீக்கடை அடுப்பு இருக்கலாம். யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பலாம். ஒரு சிறு பொறி! அது போதும். தீ அங்கே பிறக்கும். பிறந்த தீ, ஆவி வந்த வழியாகவே திரும்பி ஓடும். கண் மூடித் திறப்பதற்குள் லாரியை எட்டி விடும்.

"நான் பீடி பிடிக்கவில்லையே, என்னால் என்ன ஆபத்து?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. நூறு பேர் கூடிய இடத்தில் ஒருவர் தவறு செய்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏழை வீடுகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் புழங்கியது. அடுப்பில் ஊற்றினார்கள். விளக்கில் ஊற்றினார்கள். கையில் பட்டால் துடைத்துக் கொண்டார்கள். மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் பெட்ரோல் அளவுக்கு ஆவி விடுவது இல்லை. அதனால் பெரிய ஆபத்து தெரியவில்லை. அந்தப் பழக்கத்தில் பெட்ரோலையும் தொடுகிறார்கள். மண்ணெண்ணெய் வீட்டுப் பூனை என்றால், பெட்ரோல் காட்டுப் புலி!

தண்ணீர் ஊற்றினால் அணையுமா?

வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுகிறோம். பெட்ரோல் தீயில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்?

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் அடியில் போய்விடும். பெட்ரோல் அதன்மேல் மிதக்கும். தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் எரிகிற பெட்ரோலையும் சுமந்து கொண்டு ஓடும். ஓர் இடத்தில் எரிந்த தீ பத்து இடங்களில் எரியும்.

அதனால்தான் தீயணைக்கும் படையினர் நுரையைப் பயன்படுத்துகிறார்கள். சோப்பு நுரை போல இருக்கும் அது, பெட்ரோல் மீது போர்வை மாதிரி படர்ந்து மூடிக் கொள்ளும். ஆவி மேலே வர முடியாது. காற்றும் உள்ளே போக முடியாது. தீ மூச்சுத் திணறிச் செத்துவிடும். தீப்பிடிப்பதற்கு முன்பே நுரை போட்டு மூடுவதும் உண்டு.

அந்த நுரையிலும் வகை இருக்கிறது. இப்போது பெட்ரோலில் கலப்பதற்காக எத்தனால் என்ற சாராயத்தை லாரி லாரியாகக் கொண்டு செல்கிறார்கள். பெட்ரோலுக்குப் போடும் சாதாரண நுரையை எத்தனால் கரைத்து விடும். அதற்கென்று தனி நுரை வேண்டும். எத்தனால் தீயின் சுவாலை வெளிறிய நீல நிறம். பட்டப்பகலில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா, இல்லையா என்றே சந்தேகம் வரும்!

எந்தப் பொருள் கொட்டியது என்று தெரியாமல் எந்தப் படையும் எதுவும் செய்ய முடியாது. கேள்விகளில் முதல் கேள்வி அதுதான். "என்ன பொருள்?"

சமையல் கியாஸ் லாரி

பெட்ரோல் லாரியைவிடப் பயங்கரமானது கியாஸ் லாரி.

2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந்தேதி இரவு. கேரளாவில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் சமையல் கியாஸ் ஏற்றி வந்த டேங்கர் லாரி, சாலை நடுவில் இருந்த தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கியாஸ் கசிந்து அக்கம் பக்கத்து வீடுகளைச் சூழ்ந்தது. பிறகு தீ! சுமார் 20 பேர் உயிர் இழந்தார்கள். அவர்கள் யாரும் வாளியோடு ஓடியவர்கள் அல்ல. தங்கள் வீட்டில் இருந்தவர்களைத் தேடி வந்தது சாவு.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ந்தேதி ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் – அஜ்மீர் நெடுஞ்சாலையில் ஒரு கியாஸ் லாரி திரும்பிக் கொண்டிருந்தது. விடியாத நேரம். எதிரே வந்த லாரி மோதியது. கியாஸ் லாரியின் குழாய் வால்வுகள் உடைந்தன. கியாஸ் பீறிட்டுச் சாலையை மூடியது. அடுத்த நிமிஷம் சாலையே எரிந்தது. பஸ்சும் லாரிகளும் கார்களுமாக 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் தீக்கு இரையாயின. ஏறத்தாழ 20 பேர் மாண்டார்கள்.

கியாசை அழுத்தி அழுத்தித் திரவமாக்கித்தான் தொட்டியில் அடைக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் கியாசாகப் பெருகும். ஒரு லாரியில் எத்தனை ஆயிரம் லிட்டர்! கணக்குப் போட்டால் தலை சுற்றும். இதுவும் காற்றைவிடக் கனம். இதுவும் தரையில்தான் தவழும்.

கியாஸ் லாரி தீப்பிடித்து விட்டால் அதில் இன்னொரு அபாயம் காத்து இருக்கிறது. தொட்டியின் இரும்பு தீயில் காய்ந்து பலம் இழக்கிறது. உள்ளே இருக்கும் கியாஸ் சூடேறி முட்டுகிறது. கடைசியில் தொட்டி வெடித்துச் சிதறுகிறது. உள்ளே இருப்பது எல்லாம் ஒரே நெருப்புப் பந்தாக வானத்தில் எழும்புகிறது.

1966-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந்தேதி பிரான்சு நாட்டில், லியோன் நகரத்துக்கு அருகே பெய்சின் என்ற இடத்தில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதுதான் நடந்தது. ஒரு பெரிய கியாஸ் உருண்டைத் தொட்டியின் அடிக்குழாய் குளிரில் உறைந்து மூட முடியாமல் போயிற்று. கியாஸ் தரையில் தவழ்ந்து பக்கத்துச் சாலைக்குப் போயிற்று. அங்கே வந்த ஒரு காரில் இருந்து தீப்பற்றியது. தீ திரும்பி ஓடி வந்து தொட்டிக்கு அடியில் எரிந்தது. படையினர் பக்கத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக் குளிர வைத்தார்கள். எரிகிற தொட்டி தாங்கும் என்று நம்பினார்கள். அது சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வெடித்தது. 18 பேர் பலி! தீயணைக்க வந்தவர்களும் அதில் அடக்கம்.

அந்த 18 உயிர்கள் உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. தீயில் நிற்கும் தொட்டியைத் தண்ணீரால் குளிர வைக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லோரும் விலகி ஓட வேண்டும். கியாஸ் வருவதை அடைக்க முடியாத வரையில் எரியும் சுவாலையை அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத கியாஸ் ஊரெல்லாம் பரவி வேறு இடத்தில் வெடிக்கும்.

படித்துப் பயிற்சி பெற்ற படையினரையே பலி வாங்கிய தீ அது. பயிற்சி இல்லாத ஜனங்கள் அருகே போய் என்ன செய்ய முடியும்?

லாரியில் எழுதிய தலையெழுத்து

என்ன பொருள் என்று தூரத்தில் இருந்தே தெரிந்து கொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எல்லோருடைய கண்ணிலும் தினமும் படுகிறது. யாரும் கவனிப்பது இல்லை!

டேங்கர் லாரியின் இரண்டு பக்கமும் பின்புறமும் ஒரு பலகை இருக்கும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-வது விதி அந்தப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. பொருளின் பெயர், அவசரத்துக்குப் பேச வேண்டிய டெலிபோன் நம்பர், இன்ன வகை ஆபத்து என்று காட்டும் படம் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்.

அந்த எண் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு கொடுத்த எண். உலகம் முழுவதும் ஒன்றுதான். 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1223 என்றால் மண்ணெண்ணெய். 1170 என்றால் எத்தனால். 1075 என்றால் சமையல் கியாஸ்.

அதே பலகையில் இன்னொரு சிறிய குறியீடும் உண்டு. பெட்ரோல் லாரியில் '3' என்று தொடங்கும். 3 என்றால் நுரை போட்டு அணைக்க வேண்டும் என்று பொருள். கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், சுற்றி இருக்கும் ஜனங்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும் என்று பொருள்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அது யாருக்குத் தெரியும்? தீயணைக்கும் படைக்குத் தெரியும். கம்பெனி அதிகாரிக்குத் தெரியும். சாலை ஓரத்தில் குடி இருக்கிறவருக்குத் தெரியாது. முதலில் சாகப் போகிறவருக்குத்தான் அது தெரிய வேண்டும்!

பலகையில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர் என்ன செய்வார்? அவருக்கும் எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறத் தெரிந்த பாட்டிக்கு 1203 என்று வாசிக்கத் தெரியாதா? முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கும் இந்த இரண்டு எண்களைப் பத்து நிமிஷத்தில் சொல்லித் தந்து விடலாம். 1203 பெட்ரோல். 1075 கியாஸ்.

"101-க்குப் போன் செய்து, ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது" என்று சொல்வது ஒரு விதம். "1075 நம்பர் போட்ட லாரி கவிழ்ந்து கிடக்கிறது, புகை மாதிரி வெள்ளையாகத் தரையில் பரவுகிறது, இன்னும் தீப்பிடிக்கவில்லை" என்று சொல்வது இன்னொரு விதம். இரண்டாவது விதமாகச் சொன்னவர் நூறு உயிர்களைக் காப்பாற்றக் கூடும். ஆனால் ஒன்று. எண்ணைப் படிப்பதற்காகப் பக்கத்தில் போகக் கூடாது. தூரத்தில் இருந்து தெரிந்தால் படிக்கலாம். தெரியாவிட்டால் விட்டு விடலாம்.

எவ்வளவு தூரம்?

தூரம் என்றால் எவ்வளவு? அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகள் சேர்ந்து, விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போகிறவர்களுக்கு என்று ஒரு கையேடு தயாரித்து இருக்கின்றன. அதில் கணக்கு இருக்கிறது.

பெட்ரோல் கொட்டினால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நிறையக் கொட்டினால் காற்று வீசும் திசையில் 300 மீட்டர் வரை ஜனங்களை வெளியேற்ற யோசிக்க வேண்டும். லாரியே தீப்பிடித்தால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர்!

கியாஸ் என்றால் எல்லாப் பக்கமும் 100 மீட்டர். நிறையக் கசிந்தால் காற்று வீசும் திசையில் 800 மீட்டர். லாரி எரிந்தால் 1,600 மீட்டர். அதாவது ஒரு மைல்!

வேடிக்கை பார்க்கிற கூட்டம் எங்கே நிற்கிறது? இருபது அடியில் நிற்கிறது. அதிலும் சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்க அவர்கள் இருக்க வேண்டாமா?

விலகும்போது காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். காற்று முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் ஆவியும் பின்னாலேயே துரத்தி வருகிறது என்று அர்த்தம். மேட்டை நோக்கிப் போக வேண்டும். பள்ளத்தில் இறங்கக் கூடாது. வண்டியைக் கிளப்பக் கூடாது. விட்டு விட்டு நடக்க வேண்டும். வீட்டில் கியாஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும்.

துணியில் பெட்ரோல் பட்டு விட்டால், தீ இல்லாத இடத்துக்குப் போய் உடனே துணியை மாற்ற வேண்டும். உடம்பில் தீப்புண் பட்டால் சுத்தமான குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும். மாவு, மை, பற்பசை எதையும் தடவக் கூடாது.

டிரைவரைக் காப்பாற்ற வேண்டாமா?

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். லாரிக்குள் டிரைவர் சிக்கிக் கொண்டு இருக்கிறார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போவது மனிதத்தன்மையா?

கேட்க வேண்டிய கேள்விதான். விபத்து என்றதும் கை கொடுக்க ஓடுவது நம் ஜனங்களின் நல்ல குணம். அந்தக் குணத்தைக் குறை சொல்லக் கூடாது. பஸ் கவிழ்ந்தால் ஓட வேண்டும். கார் மோதினால் ஓட வேண்டும். ஆனால் பெட்ரோல் குளத்துக்குள் இறங்கி ஓடுகிறவர், ஒரு சாவை இரண்டாக்குகிறார். அவர் பின்னால் பத்துப் பேர் ஓடுவார்கள். அப்போது அது பத்தாகிறது.

டிரைவருக்குச் செய்யக் கூடிய உதவி என்ன? தூரத்தில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிடலாம். நடக்க முடிந்தால் அவரே வந்து விடுவார். உடனே 101-க்கும் 112-க்கும் போன் செய்யலாம். எதிரே வரும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்தலாம். வண்டி வராவிட்டால் பொறியும் வராது. அதுவே டிரைவருக்குச் செய்யும் பெரிய உபகாரம். மனசு கேட்காதுதான். ஆனாலும் இதுதான் சரி.

அந்த டிரைவரையும் மறந்து விடக் கூடாது. தென்னிந்தியாவில் ஓடும் சமையல் கியாஸ் லாரிகளில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்து லாரிகள். அதை ஓட்டுகிறவர்களும் குடும்பம் உள்ளவர்கள்தான். ஆபத்தான பொருளை ஏற்றும் டிரைவர் ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், 3 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. டிரைவருக்கு 3 நாள் பயிற்சி. சாலை ஓரத்து ஊருக்கு? ஒரு மணி நேரம்கூட இல்லை!

ஊர் கற்க வேண்டிய பாடம்

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கோடி கோடியாகச் செலவும் ஆகாது.

நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் வருஷத்துக்கு ஒரு முறை தீயணைக்கும் படையினர் வந்து ஜனங்களுக்குச் செய்து காட்ட வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் 1203, 1075 என்ற எண்களைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் படம் போட்டு வைக்க வேண்டும். லாரிப் பலகையில் பொருளின் பெயரை அந்தந்த மாநில மொழியிலும் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாடம் நடத்தினால் போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனாருக்குச் சொல்லித் தருவார்கள்.

"ஜனங்களுக்குச் சொன்னால் கேட்கவா போகிறார்கள்? போலீஸ் தடியடி நடத்தினால்தான் கேட்பார்கள்" என்று சிலர் சொல்லலாம். பகவல்பூரில் போலீசார் இல்லையா? இருந்தார்கள். ஒரு ஊரே திரண்டு வரும்போது ஏழெட்டுப் போலீசார் என்ன செய்ய முடியும்? கடைசி நிமிஷத்தில் தடி பேசாது. முன்கூட்டிச் சொன்ன சொல்தான் பேசும். கியாஸ் அடுப்பு வந்த புதிதில் ஜனங்கள் பயந்தார்கள். இன்று ஆறு வயதுக் குழந்தைகூட, "கியாஸ் வாடை வருது அம்மா, சிலிண்டரை மூடு" என்று சொல்கிறது. கற்றுக் கொடுத்தோம், கற்றுக் கொண்டார்கள். அதைப் போல இதையும் கற்றுக் கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி இருக்கிறது. கோவிலில் இருக்கிறது. பள்ளிவாசலில் இருக்கிறது. மாதா கோவிலில் இருக்கிறது. திருவிழாவுக்கும் தொழுகைக்கும் ஜெபத்துக்கும் கூப்பிடுகிற ஒலிபெருக்கி அது. உயிரைக் காக்கவும் கூப்பிடும்.

பகவல்பூர் பக்கத்து ஊரில் அன்று காலை ஒலிபெருக்கி பேசியது. பெட்ரோல் கொட்டுகிற செய்தியைச் சொன்னது. சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்து இருப்பார். அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அதே ஒலிபெருக்கியில், அதே குரலில், "லாரி கவிழ்ந்து கிடக்கிறது. பெட்ரோல் கொட்டுகிறது. யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அடுப்பை அணையுங்கள். குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு மேட்டுப் பக்கம் போங்கள்" என்று சொல்லி இருந்தால்?

முக்கால் மணி நேரம் இருந்தது. ஊர் முழுவதும் விலகிப் போகத் தாராளமான நேரம். பெட்ரோல் எரிந்து போயிருக்கும். லாரி எரிந்து போயிருக்கும். மறுநாள் எல்லா வீட்டிலும் பண்டிகை நடந்திருக்கும்.